ஏர்பாக்ஸ் மூடியைக் கழற்றிய பிறகு பாதி த்ராட்டிலில் திணறல்: ஜெட்டா, நீடிலா, பெரிய கார்புரேட்டரா?

சேற்றுச்சக்கரம்:
வணக்கம். என்னிடம் இருப்பது 400 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் ஸ்போர்ட் ஏடிவி, அதாவது நாலு சக்கர மண்பாதை வண்டி. மிக்குனி பிஎஸ்ஆர் 36 சிவி கார்புரேட்டர். இதுவரை எல்லாம் கம்பெனி செட்டிங்கிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது காற்று ஃபில்டர் உட்காருகிற ஏர்பாக்ஸின் மேல்மூடியைக் கழற்றிவிட்டு, உள்ளே நல்ல ஃபோம் ஃபில்டர் போட்டு, சைலன்சரின் பின்பாதியையும் மாற்றியிருக்கிறேன். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும் என்பதால் பெட்ரோலை அளந்து விடுகிற மெயின் ஜெட்டை இரண்டு சைஸ் ஏற்றினேன்.

முழு த்ராட்டிலில் வண்டி பிய்த்துக்கொண்டு போகிறது, அதில் குறையே இல்லை. ஆனால் பாதி த்ராட்டிலில் ஒரே வேகத்தில் பிடித்தால் இழுப்பதும் விடுவதுமாகத் தள்ளாடுகிறது. த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட்பட் என்று வெடிக்கிறது. நின்ற இடத்தில் ஒரு முறுக்கு கொடுத்துவிட்டால் ஐடில் உடனே இறங்காமல் மேலேயே நின்று, மெதுவாக யோசித்து யோசித்துத்தான் கீழே வருகிறது. அடுத்து ஏர்பாக்ஸையே எடுத்துவிட்டு பாட் ஃபில்டர் மாட்டலாமா, இல்லை பெரிய ஃபிளாட் ஸ்லைடு கார்புரேட்டருக்கே போய்விடலாமா என்று யோசனை. செய்தவர்கள் சொல்லுங்கள்.

திருகாணி:
எதுவும் வாங்காதே தம்பி, முதலில் இருப்பதைச் சரியாகப் பார்ப்போம். நீ சொன்ன மூன்றில் எதுவுமே மெயின் ஜெட்டின் வேலை இல்லை. மெயின் ஜெட் பேச ஆரம்பிப்பது முக்கால் த்ராட்டிலுக்கு மேல். கால் முதல் முக்கால் வரை நீடில் என்கிற கூம்பு ஊசியும் அது உட்காரும் நீடில் ஜெட்டும்தான் பெட்ரோலை அளக்கின்றன. ஐடிலிலிருந்து கால் வரை பைலட் ஜெட்டும் ஃபியூயல் ஸ்குரூவும். ஒன்று முடிகிற இடத்தில் மற்றொன்று தொடங்கும் என்று கோடு போட்டுப் பிரிக்க முடியாது, ஒன்றின் மேல் ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும். ஆனாலும் எந்தத் திறப்பில் கோளாறு என்று தெரியாமல் ஜெட் மாற்றுவது இருட்டில் கல்லெறிவதுதான்.

அதனால் முதல் வேலை, கட்டைவிரல் த்ராட்டிலின் பெட்டி மேல் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டு. லீவர் மூடியிருக்கும்போது ஒரு கோடு, முழுக்க அழுத்தியபோது ஒரு கோடு, நடுவில் கால், அரை, முக்கால். லீவரிலும் ஒரு கோடு. ஓட்டும்போது எந்தக் கோட்டில் தள்ளாடுகிறது என்று பார். நாம் பாதி என்று நினைப்பது பெரும்பாலும் கால்தான் இருக்கும், கட்டைவிரல் நம்மை ஏமாற்றும். அப்புறம் த்ராட்டில் பெட்டியிலேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு ஸ்குரூ இருக்கும், அது உள்ளே திருகியிருந்தால் நீ முழு த்ராட்டில் என்று நினைப்பது முழு த்ராட்டிலே இல்லை. அதையும் பார்த்துவிடு.

இரண்டாவது, ஐடில் மேலேயே தொங்குவது. அது ஒன்று பைலட் பக்கம் லீன் (காற்றுக்குப் பெட்ரோல் குறைவு), இல்லையென்றால் கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது. பின்னதை முதலில் பார். இன்ஜின் ஐடிலில் ஓடும்போது இன்டேக் ரப்பரைச் சுற்றிலும் கார்ப் கிளீனரைக் கொஞ்சம் கொஞ்சமாக அடி. எங்கேயாவது அடித்ததும் ஆர்பிஎம் மாறினால் அங்கேதான் ஓட்டை. சூடான சைலன்சர் குழாய் மேல் படாமல் அடி, அது தீப்பிடிக்கிற சரக்கு.

குவாட்கிறுக்கன்:
எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? பெட்டியைத் தூக்கிக் கடாசிவிட்டு பாட் ஃபில்டரை மாட்டுங்கள், மெயின் இன்னும் நாலு சைஸ் ஏற்றுங்கள், இன்டேக் உறுமுகிற சத்தத்துக்கே காசு கொடுக்கலாம். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

மேட்டுப்பாதை:
சத்தத்துக்குக் காசு கொடுப்பவர் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சத்தமும் சக்தியும் ஒன்று அல்ல. மூடியைக் கழற்றியவுடன் வண்டி வேகமாகிவிட்டதாக எல்லோருக்கும் தோன்றும், அதில் பாதி காதுக்குத் தோன்றுவது.

ஏர்பாக்ஸ் வெறும் பிளாஸ்டிக் டப்பா இல்லை. இன்டேக் வால்வு மூடும்போது உள்ளே வந்துகொண்டிருந்த காற்று மோதி ஓர் அழுத்த அலையாகப் பின்னோக்கி ஓடுகிறது, திறந்த இடத்தை அடைந்ததும் திரும்பி வருகிறது. அந்த அலை அடுத்த தடவை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வந்து சேருகிற மாதிரி குழாயின் நீளத்தையும் பெட்டியின் கொள்ளளவையும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். குழாய் நீளமாக இருந்தால் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை, குட்டையாக இருந்தால் மேலே. பாட் ஃபில்டரை நேராகக் கார்புரேட்டர் வாயில் மாட்டும்போது குழாயின் நீளமும் போய்விடும், பெட்டிக்குள் அசையாமல் நிற்கும் காற்றும் போய்விடும். வேகமாகப் போகும்போது பக்கவாட்டிலிருந்து அடிக்கிற காற்று ஃபில்டரின் ஒரு பக்கம் அழுத்தத்தை மாற்றும். நின்ற இடத்தில் அழகாக ஓடுகிற வண்டி ஓடும்போது மட்டும் மக்கர் பண்ணும், ஜெட்டை மாற்றி மாற்றி ஓய்ந்துபோவோம். சிவி கார்புரேட்டரில் இது இன்னும் மோசம். அதில் காற்று வழியைத் திறந்து மூடுகிற ஸ்லைடைத் தூக்குவது கேபிள் இல்லை, டயஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வின் மேலும் கீழும் இருக்கிற அழுத்த வித்தியாசம். அந்தக் கீழ்ப்பக்கத்துக்குக் காற்று வருவதே கார்புரேட்டரின் வாயிலிருந்துதான். அங்கே காற்று குழம்பினால் ஸ்லைடும் குழம்பும்.

அதைவிடப் பெரிய விஷயம் தண்ணீர். ஏடிவி என்றால் சேறும் ஓடையும்தான். ஏர்பாக்ஸின் மூச்சுக்குழல் சீட்டுக்கடியில் உயரத்தில் இருப்பது சும்மா இல்லை. பாட் ஃபில்டர் சக்கரத்துக்கு நேர் எதிரே, சேறு தெறிக்கிற உயரத்தில் வந்து உட்காரும். ஒரு வாய் தண்ணீர் சிலிண்டருக்குள் போய்விட்டால் அதை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளையும். மூடியைக் கழற்றியதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மழைக்காலத்தில் மூடியை மறுபடி மாட்டினால் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகிவிடும், அப்போது பழைய ஜெட்டைத் திருப்பிப் போடவும் மறக்காதீர்கள்.

ஃபோம் ஃபில்டர் போட்டிருப்பது நல்ல விஷயம், ஆனால் அதைக் கழுவுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்ரோலில் ஊற வைக்காதீர்கள், ஒட்டுப் பசை கரைந்து ஃபோம் மடிப்பிலேயே பிரிந்துவிடும். ஃபில்டர் கிளீனர், இல்லாவிட்டால் மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணீர். துணி பிழிவது போல முறுக்கக் கூடாது, உள்ளங்கையில் வைத்து அமுக்கி அமுக்கி எடுக்க வேண்டும். முழுக்கக் காய்ந்த பிறகு ஃபில்டர் ஆயில் ஊற்றி, நிறம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி வருகிற வரை பிசைந்து, மிச்சத்தை அமுக்கி வெளியேற்றுங்கள். இன்ஜின் ஆயில் வேண்டாம், அது வடிந்து பெட்டியின் அடியில் தேங்கும், மேல்பாதி காய்ந்து தூசியை விடும். கடைசியாக விளிம்பில், பெட்டியோடு ஒட்டுகிற இடத்தில், மெல்லிசாக ஒரு சுற்று கிரீஸ். அடுத்த முறை கழற்றும்போது கார்புரேட்டருக்குப் போகிற ரப்பர் குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் வந்தால் அது அப்படியே பிஸ்டன் ரிங்குக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

குவாட்கிறுக்கன்:
அண்ணா, எனக்குத் தண்ணீரே கிடையாது, மணலில்தான் ஓட்டுகிறேன். மணலில் முழு த்ராட்டிலில்தான் பொழுது போகும். அதற்குப் பாட் சரிதான்.

மேட்டுப்பாதை:
மணலில் முழு த்ராட்டில் என்றால் மேல் ஆர்பிஎம்தான் வேண்டும், அங்கே உங்கள் கணக்கு செல்லும், ஒப்புக்கொள்கிறேன். ஃபில்டருக்கு மேல் ஒரு துணி உறையாவது போடுங்கள். நைஸ் மணல் ஆயில் போட்ட ஃபோமையே சீக்கிரம் அடைத்துவிடும்.

சேற்றுச்சக்கரம்:
திருகாணி அண்ணா சொன்னபடி அடித்துப் பார்த்தேன். இன்டேக் ரப்பரின் மேல்புறம், பக்கவாட்டு எதிலும் ஒன்றுமில்லை. அடிப்பக்கம், கிளாம்புக்குக் கீழே அடித்ததும் ஆர்பிஎம் ஏறியது. கழற்றி வெளியே எடுத்து வளைத்துப் பார்த்தால், வளைக்காதபோது கண்ணுக்கே தெரியாத ஒரு வெடிப்பு, நகம் நுழைகிற அளவுக்கு வாயைத் திறக்கிறது. புது ரப்பர் போட்டாயிற்று. ஐடில் தொங்குவது போயே போய்விட்டது. வெடிப்புச் சத்தமும் பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆனால் தள்ளாட்டம் அப்படியேதான் இருக்கிறது. டேப் ஒட்டிப் பார்த்ததில் காலுக்குக் கொஞ்சம் மேலே தொடங்கி அரைக் கோட்டைத் தாண்டுகிற வரை. முக்காலுக்கு மேல் சுத்தம். நீடிலை ஏற்றிப் பெட்ரோலைக் கூட்டலாம் என்று ஸ்லைடை வெளியே எடுத்தால், நீடிலில் கிளிப் மாட்ட ஒரே ஒரு பள்ளம்தான் இருக்கிறது. இதை எப்படி ஏற்றுவது?

லேம்டா:
காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் முழுசாக எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல். அதுதான் லேம்டா 1. ஆனால் அதிக சக்தி அந்த இடத்தில் கிடைக்காது, 12.5 முதல் 13 வரைக்குள் கிடைக்கும். கம்பெனிக்காரர்கள் புகை விதிகளுக்காக நடுத் த்ராட்டிலை வேண்டுமென்றே லீனாக வைக்கிறார்கள். மூடி மாட்டியிருந்தவரை அது ஓரமாகவே சமாளித்துக்கொண்டிருந்தது. மூடியைக் கழற்றியதும் ஓரத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் மெயினை மட்டும் ஏற்றியதால் மேலே சரியாகிவிட்டது, நடுவே அப்படியே நிற்கிறது.

நீடிலில் பள்ளம் ஒன்றுதான் என்றால் வாஷர்தான் வழி. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள சின்ன 3 எம்எம் வாஷர் ஒன்றை நீடிலின் கிளிப்புக்கு அடியில் போடுங்கள். கிளிப் உள்ள நீடிலில் ஒரு பள்ளத்துக்கும் அடுத்த பள்ளத்துக்கும் இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும், ஆக ஒரு வாஷர் என்பது அரைப் பள்ளம் ஏற்றிய மாதிரி. ஒன்றில் ஆரம்பித்து ஓட்டிப் பார்த்துவிட்டு இரண்டாவதற்குப் போங்கள். ஸ்லைடுக்குள் நீடிலுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் பிடிப்பு இருக்கும். அங்கே பெட்ரோல் ஓட்டம் எதுவும் இல்லையே என்று நினைத்து வாஷரைக் கண்ட இடத்தில் போட்டுவிடாதீர்கள். ஸ்லைடின் அடியில் காற்றை மேலே இழுக்கிற ஒரு சின்னத் துளை இருக்கிறது, பிடிப்போ வாஷரோ அதை அடைத்தால் ஸ்லைடு எழும்பாது.

திருகாணி:
சரியாகச் சொன்னார். ஸ்லைடை எடுத்த கையோடு டயஃப்ரத்தையும் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பார், ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் இதே திணறல் வரும். திரும்ப மாட்டும்போது டயஃப்ரத்தின் ஓரம் பள்ளத்தில் சுற்றிலும் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு மூடியை முறுக்கு. மாட்டியபின் விரலால் ஸ்லைடைத் தூக்கி விடு, பொத்தென்று விழக் கூடாது, மெதுவாக இறங்க வேண்டும்.

இன்னொன்று. சில ஜெட் கிட்டுகளில் அந்தச் சின்னத் துளையைப் பெரிதாக்க ஒரு டிரில் பிட் கொடுப்பார்கள், ஸ்பிரிங்கையும் மெல்லியதாக மாற்றச் சொல்வார்கள். ஸ்லைடு வேகமாக எழும்பும், பிக்கப் உடனே வருகிற மாதிரி தெரியும். ஆனால் துளையைப் பெரிதாக்கினால் திரும்பச் சிறிதாக்க முடியாது. நீ சேற்றில் மெதுவாகப் போகிறவன், உனக்கு அது வேண்டாம். சிவியின் அழகே அதுதான், நீ சட்டென்று அழுத்தினாலும் இன்ஜினுக்குத் தேவையான அளவுக்குத்தான் ஸ்லைடு எழும்பும்.

மிச்சமிருக்கிற வெடிப்புக்கு ஃபியூயல் ஸ்குரூவைப் பார். பெட்ரோல் தேங்குகிற ஃபுளோட் பௌலுக்கு முன்னால் இன்ஜின் பக்கம், கீழிருந்து மேலே போகிற குழிக்குள் இருக்கும். உன் வண்டியில் அதை ஒரு பித்தளை மூடியால் அடைத்திருப்பார்கள். மெல்லிய பிட் வைத்து மூடியில் மட்டும் துளையிட்டு, ஒரு மர ஸ்குரூவை அதில் திருகி, பிளையரால் இழுத்தால் வந்துவிடும். பிட் மூடியைத் தாண்டினதும் சட்டென்று உள்ளே பாயும், ஸ்குரூவின் தலையைக் கடித்துவிடும், அதனால் பிட்டில் ஒரு டேப் சுற்றி ஆழத்தைக் கட்டுப்படுத்திக்கொள். பிறகு ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் உட்காருகிறது என்று எழுதி வை. உட்கார்ந்த பிறகு அழுத்தாதே, ஊசி முனை வளைந்துவிடும். ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பி. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு ஐடில் அதிகமாக ஏறுகிற இடத்தைக் கண்டுபிடி.

கருவண்டு:
ஒரு சந்தேகம். உள்ளே திருகினால் ரிச் ஆகுமா லீன் ஆகுமா? என் வண்டியில் ஒருவர் இப்படியும் இன்னொருவர் அப்படியும் சொல்கிறார்கள்.

லேம்டா:
இரண்டு பேரும் சரிதான், வேறு வேறு கார்புரேட்டரைப் பற்றிப் பேசியிருப்பார்கள். ஸ்குரூ ஏர்பாக்ஸ் பக்கம் இருந்தால் அது ஏர் ஸ்குரூ, காற்றை அளக்கிறது, உள்ளே திருகினால் ரிச். இன்ஜின் பக்கம் இருந்தால் ஃபியூயல் ஸ்குரூ, கலவையை அளக்கிறது, உள்ளே திருகினால் லீன். எங்கே இருக்கிறது என்று பாருங்கள், குழப்பம் தீர்ந்துவிடும். மூன்று சுற்று வெளியே வந்தும் ஃபியூயல் ஸ்குரூ இன்னும் கேட்கிறதென்றால் பைலட் ஜெட் சின்னது, ஒரு சைஸ் ஏற்ற வேண்டும். ஒரு சுற்றுக்குள்ளேயே திருப்தியாகிவிட்டால் பைலட் பெரிது.

ஜெட் எண்களையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். கீஹின் மெயின் ஜெட்டின் எண் துளையின் விட்டம், 130 என்றால் 1.30 மில்லிமீட்டர். மிக்குனியின் அறுகோண ஜெட்டுகளில் எண் குறிப்பது எவ்வளவு பெட்ரோல் ஓடுகிறது என்பதை. ஒரு கம்பெனியின் 130ஐ மற்றதில் போட்டால் அதே அளவு என்று நினைக்கக் கூடாது. விட்டக்கணக்கில் 130லிருந்து 135க்குப் போவது பார்க்க 4 சதவீதம்கூட இல்லை, ஆனால் துளையின் பரப்பு கிட்டத்தட்ட 8 சதவீதம் கூடும். ஒரே தாவலில் நாலு சைஸ் ஏற்றுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரட்டைக்குழல்:
நான் டூ ஸ்ட்ரோக் ஆள், யமஹா பான்ஷீ. இரட்டைச் சிலிண்டர், 26 எம்எம் மிக்குனி இரண்டு. எல்லோரும் கீழிருந்து மேலே, பைலட் முதலில் என்று போகிறீர்கள். நான் எப்போதும் மெயினில்தான் தொடங்குவேன். மெயின் மாறினால் நீடில் திறப்பில் வருகிற பெட்ரோலும் கொஞ்சம் மாறும், ஏனென்றால் நீடிலுக்கு வருகிற பெட்ரோல் முழுக்க மெயின் வழியாகத்தான் வருகிறது. கீழே எல்லாவற்றையும் பாடுபட்டுச் சரிசெய்துவிட்டு மேலே மெயினைத் தொட்டால் மறுபடி நடுவுக்கு வர வேண்டியிருக்கும்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்னொரு காரணமும் இருக்கிறது. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து வருகிறது. முழு த்ராட்டிலில் லீன் என்றால் சூடும் அதிகம், ஆயிலும் குறைவு, பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அதனால் முதல் நாள் பெரிய ஜெட் போட்டு, முழு த்ராட்டிலில் வண்டி கரகரவென்று நாலு தட்டு தட்டுகிற அளவுக்கு ரிச்சாகத் தொடங்கி, ஒவ்வொரு சைஸாக இறங்கி வருவேன். ஃபோர் ஸ்ட்ரோக்காரர்கள் ஏறிப் போகலாம், நாங்கள் இறங்கித்தான் வர வேண்டும்.

பிளக் பார்ப்பதும் அப்படித்தான். ஐடிலில் ஓட்டி வீட்டுக்கு வந்து பிளக்கைக் கழற்றி, கருப்பாக இருக்கிறது, வெள்ளையாக இருக்கிறது என்று சொல்வதில் பயனில்லை. புதுப் பிளக் போட்டு, மேல் கியரில் முழு த்ராட்டிலில் ஓட்டி, அந்த நிலையிலேயே கிளட்சைப் பிடித்து இன்ஜினை அணைத்து, அங்கேயே கழற்ற வேண்டும். பார்க்க வேண்டியது முனையை அல்ல, வெள்ளைப் பீங்கான் உள்ளே போய் இரும்போடு சேருகிற அடிப்பகுதியை. அங்கே மெல்லிய பழுப்பு வளையம் தெரிந்தால் நல்லது. ஈயம் இல்லாத பெட்ரோலில் நிறம் முன்போல எளிதாகத் தெரியாது, டார்ச்சும் பூதக்கண்ணாடியும் வேண்டும்.

திருகாணி:
மெயினிலிருந்து தொடங்கு என்பதில் எனக்கும் மாறுபாடு இல்லை, முதலில் மெயின், பிறகு நீடில், பிறகு பைலட், கடைசியில் மறுபடி மெயினை ஒருமுறை சரிபார். இந்தத் தம்பிக்கு மெயின் ஏற்கெனவே சரியாக இருந்ததால்தான் நடுவுக்கு வந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மட்டும் மாற்றாதே, எது எதைச் சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது.

புல்வெளி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ஆட்டோமேட்டிக், கியருக்குப் பதில் சிவிடி பெல்ட் உள்ள வேலை ஏடிவி, பின்னால் சுமை ஏற்றுகிற ரகம். மூடி கழற்றி ஜெட் ஏற்றியும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. ஏன்?

மேட்டுப்பாதை:
சிவிடியில் இன்ஜின் எந்த ஆர்பிஎம்மில் நின்று வேலை செய்யும் என்பதைக் கிளட்சில் இருக்கிற எடைகளும் ஸ்பிரிங்கும்தான் முடிவு செய்கின்றன. நீங்கள் இன்டேக்கைத் திறந்ததால் சக்தி மேல் ஆர்பிஎம்முக்கு நகர்ந்திருக்கும். ஆனால் கிளட்ச் பழைய ஆர்பிஎம்மிலேயே பெல்ட்டை மேலேற்றிவிடுகிறது, இன்ஜின் அந்தப் புதுச் சக்தி இருக்கிற இடத்துக்குப் போகவே விடுவதில்லை. எடையைக் கொஞ்சம் குறைத்தால் ஆர்பிஎம் ஏறும். ஆனால் நீங்கள் சுமை இழுக்கிறவர், உங்களுக்கு வேண்டியது கீழ் இழுவை. மூடியைத் திருப்பி மாட்டி, பழைய ஜெட்டைப் போட்டு, பெல்ட்டையும் எடைகளின் தேய்மானத்தையும் பாருங்கள். அங்கே இழந்ததை ஜெட்டில் தேட வேண்டாம்.

சேற்றுச்சக்கரம்:
முதலில் ஒரு வாஷர் போட்டேன், தள்ளாட்டம் குறைந்தது. இரண்டாவது போட்டதும் சுத்தமாகப் போய்விட்டது. கால் கோட்டிலிருந்து முக்கால் வரை ஒரே சீராக இழுக்கிறது. மூன்றாவதையும் போட்டுத்தான் பார்ப்போமே என்று போட்டேன், அரை த்ராட்டிலில் கனமாக, சோம்பலாக, மூக்கடைத்த மாதிரி ஓடியது. எடுத்துவிட்டேன். பித்தளை மூடியும் வந்துவிட்டது, ஸ்குரூ இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே நன்றாக நிற்கிறது. த்ராட்டில் விடும்போது இறக்கத்தில் மட்டும் எப்போதாவது ஒரு பட், அவ்வளவுதான்.

இப்போது பெரிய கார்புரேட்டர் ஆசைக்கு வருகிறேன். 39, 40 எம்எம் கீஹின் எஃப்சிஆர் ஃபிளாட் ஸ்லைடு போட்டால் எப்படி இருக்கும்?

திருகாணி:
அந்த ஒற்றைப் பட் பெரும்பாலும் சைலன்சர் குழாய் இன்ஜினோடு சேருகிற இடத்து கேஸ்கெட் கசிவு. நீ சைலன்சரைக் கழற்றி மாட்டியிருக்கிறாய், புது கேஸ்கெட் போட்டாயா? இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து மூட்டுக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பார், கசிந்தால் ஊதுவது தெரியும். சைலன்சர் வாயில் தீப்பொறி வலை இருந்ததென்றால் அதையும் எடுத்துவிடாதே, காய்ந்த புல்லில் ஓட்டுகிறவனுக்கு அது தேவை.

லேம்டா:
எஃப்சிஆர் அருமையான கார்புரேட்டர், அதில் சந்தேகமில்லை. யமஹா ஒய்எஃப்இசட் 450 வந்தபோது 39 எம்எம் எஃப்சிஆரோடுதான் வந்தது. ஹோண்டா டிஆர்எக்ஸ் 450ஆர் 2004இல் 42 எம்எம்மோடு வந்தது, 2006இல் அவர்களே 40 எம்எம்முக்கு இறக்கினார்கள். அது 450 சிசி, உங்களுடையதைவிட மேலே சுழல்கிற பந்தய இன்ஜின், அதற்கே இறக்கினார்கள். துளை பெரிதானால் அதே காற்று மெதுவாக ஓடும், வெஞ்சுரியில் அழுத்தம் குறைவது போதாது, பெட்ரோல் துளித்துளியாக வருமே தவிர நன்றாகச் சிதறாது. மேலே கொஞ்சம் கிடைக்கும், கீழே நிறையப் போகும்.

ஃபிளாட் ஸ்லைடில் கேபிள்தான் ஸ்லைடைத் தூக்குகிறது. சட்டென்று அழுத்தினால் காற்று உடனே பாய்ந்துவிடும், பெட்ரோல் பின்தங்கும், அந்தக் கண நேர இடைவெளியை நிரப்பத்தான் அதில் ஆக்சிலரேட்டர் பம்ப் வைத்திருக்கிறார்கள். அந்தப் பம்ப் பீய்ச்சுகிற நேரம், அளவு, எவ்வளவு நேரம் பீய்ச்சுகிறது என்பதையெல்லாம் சரிசெய்வது தனி வேலை. கேம்ஷாஃப்ட், போர்ட் எதையும் மாற்றாத 400 இன்ஜினுக்கு உங்கள் 36 எம்எம் போதும். அந்தச் செலவில் காற்று பெட்ரோல் விகிதத்தைக் காட்டுகிற வைட்பேண்ட் சென்சர் ஒன்று வாங்கிச் சைலன்சர் குழாயில் பற்றவைத்தால் முழு த்ராட்டிலில் 13க்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பார்க்கலாம், பிளக்கோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

குவாட்கிறுக்கன்:
நான் எஃப்சிஆர் வைத்திருக்கிறேன். மேட்டில் குதித்து இறங்கும்போது அரை வினாடி செத்துப்போகிற மாதிரி ஒரு திணறல். பம்ப்தானா?

திருகாணி:
இறங்கும்போது மட்டும் என்றால் பம்பைவிட ஃபுளோட்டில் முதலில் சந்தேகப்படு. பௌலில் பெட்ரோல் மட்டம் அதிகமாக இருந்தால் தரையில் மோதும் அதிர்ச்சியில் மேலே அலம்பி உள்ளே கொட்டும், குறைவாக இருந்தால் ஜெட் காற்றைக் குடிக்கும். கார்புரேட்டரைச் சாய்த்துப் பிடித்து, ஃபுளோட் ஊசியைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற இடத்தில் உயரத்தை அளந்து உன் மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிற அளவோடு ஒப்பிடு. பக்கத்தில் தொங்குகிற காற்றுக் குழாய்களையும் பார். அவற்றின் நுனி சேற்றில் அடைபட்டாலும் பௌலுக்குள் காற்று போகாமல் பெட்ரோல் இறங்காது. இரண்டில் ஒன்றில் டி வடிவ இணைப்பு கொடுத்துச் சீட்டுக்கடியில் உயரத்துக்குக் கொண்டுபோய்விடு, ஓடையைக் கடக்கும்போதும் வண்டி நிற்காது.

கருவண்டு:
செட்டிங் ஒருமுறை சரியாகிவிட்டால் அப்படியே விட்டுவிடலாமா? மலைக்குப் போனால் மறுபடி கழற்ற வேண்டுமா?

லேம்டா:
ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் காற்றின் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். காற்று குறைகிறது, ஜெட் அதேதான், ஆக ரிச் ஆகும். சில நூறு மீட்டர் ஏறி இறங்குவதற்கெல்லாம் தொட வேண்டாம், ஆயிரத்தைத் தாண்டி அங்கேயே சில நாள் ஓட்டுவதென்றால் மெயின் ஒரு சைஸ் இறக்கலாம். குளிர் இதற்கு நேர் எதிர், 10 டிகிரி குறைந்தாலே அடர்த்தி 3 சதவீதத்துக்கு மேல் கூடும், லீன் பக்கம் போகும். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலும் லீன் பக்கம்தான், அதற்குச் சரியான விகிதம் 14.7 இல்லை, 14.1ஐ ஒட்டி. அதனால் கோடையில் விளிம்பில் வைத்த செட்டிங்கைக் குளிர்காலத்தில் நம்பாதீர்கள், அரைச் சுற்று ஃபியூயல் ஸ்குரூவில் அடங்கிவிடும் என்றால் அத்தோடு விட்டுவிடலாம். நான் ஏர்பாக்ஸின் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டி, எந்த ஜெட், எத்தனை வாஷர், ஸ்குரூ எத்தனை சுற்று, அன்றைக்கு வெப்பம் எவ்வளவு என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சேற்றுச்சக்கரம்:
கேஸ்கெட்தான் அண்ணா. பழையதையே திரும்ப மாட்டியிருந்தேன், நசுங்கிப் போயிருந்தது. புதிது வந்ததும் போட்டுவிட்டுச் சொல்கிறேன். பெரிய கார்புரேட்டரை விட்டுவிட்டேன். லேம்டா, பழைய சைலன்சர் குழாயில் சென்சர் பற்றவைக்க இன்ஜினிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி வைப்பது நல்லது?

லேம்டா:
ரொம்பக் கிட்டே வைத்தால் சென்சர் வெந்துவிடும், வால் நுனியில் வைத்தால் வெளிக்காற்று பின்னால் ஏறி லீன் என்று பொய் சொல்லும். குழாயின் வளைவு முடிந்து சைலன்சர் தொடங்குவதற்கு முன்னால் உள்ள இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சென்சர் குழாயின் மேல்பக்கத்தில், வயர் முனை மேலே பார்த்தபடி சாய்வாக இருக்கட்டும், அடிப்பக்கத்தில் வைத்தால் குழாயில் தேங்குகிற தண்ணீர் அதற்குள் இறங்கும். கேஸ்கெட் மாற்றிய பிறகு வையுங்கள், கசிவு இருந்தால் அதுவும் லீன் என்றுதான் காட்டும்.